கூப்பிடு தூரத்து மாப்பிள்ளை

எங்க வீட்டுலேர்ந்து பஸ் ஸ்டாண்டுக்கு எட்டு நிமிஷம். நான் சொல்லல, என் வீட்டுக்காரர் சொல்றது. கல்யாணமாகி வந்த புதுசுல சொன்னார், முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கார். செங்கம் ரோட்டுல மாடு படுக்காம இருந்து, ஆட்டோக்காரர் எதிர்ல வர்ற ஆட்டோக்காரரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி குடும்ப விஷயம் பேசாம இருந்து, ஸ்கூல் பஸ் நடுரோட்டுல ரிவர்ஸ் எடுக்காம இருந்தா எட்டு நிமிஷம். அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்ல. நாப்பது நிமிஷம் ஆகும். அவசரம்னா அம்பது.

இந்த ரோட்டைப் பத்தி வெளியூர்க்காரங்க என்னென்னமோ சொல்றாங்க. இங்க கால் வெச்சதுமே மனசு அடங்கிப் போகுதாம். எனக்கு கால் வெச்சதும் ரத்தம் கொதிக்கும். அமைதியைத் தேடி கடல் தாண்டி வர்ற வெள்ளைக்காரங்க கூட வாடகை ஸ்கூட்டர்ல ஏறின மூணாம் நாளே ஹாரன்லேர்ந்து கையை எடுக்கிறதில்ல. எங்க மாடி ரூம்ல ஒருத்தர் குடியிருக்கார், ஆறு மாசமா மௌன விரதம். வாயைத் தொறக்க மாட்டார், ஆனா காலைல நான் மிக்ஸி போட்டா சீட்டு எழுதி கதவுக்கு அடியில தள்ளுவார். ஸ்கூல்ல பிளஸ் டூ பசங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துட்டு, இந்த ரோட்டுல ஸ்கூட்டியைக் காலால உந்திக்கிட்டு வந்து, வீட்டுக்குள்ள நுழைஞ்சா அந்தச் சீட்டு கால்ல ஒட்டும். நான் சட்னி அரைக்கிறது அவர் தியானத்துக்கு இடைஞ்சலா இருக்காம்.

இவ்வளவு திட்டறியே, இந்த ஊரை விட்டுப் போவியான்னு கேட்டா, மாட்டேன். என் சொந்தம் இங்கதான் இருக்கு. என் தங்கச்சி வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம், மலை ஓரத்துல. எங்க சந்து முனையில நின்னா அவ மொட்டை மாடியில காயற துணி தெரியும். அவளுக்கு அந்தச் சம்பந்தத்தை நான்தான் பேசி முடிச்சேன். சொந்தம்னா கூப்பிடு தூரத்துல இருக்கணும், கூப்பிட்டா காதுல விழணும், ரசம் வெச்சா சூடு ஆறறதுக்குள்ள கொண்டு போய் கொடுக்கணும். இதுதான் என் கொள்கை. கொள்கைக்கு விரோதமா என் குடும்பத்துல யாரும் போக நான் விட்டதில்ல.

அந்தக் கொள்கைப்படிதான் என் பொண்ணுக்கும் மாப்பிள்ளை பார்த்தேன். ஒரே பொண்ணு, இருபத்தேழு வயசு. கம்ப்யூட்டர் வேலை, வீட்டுலேர்ந்தே பார்க்கிறா. சென்னை வரன் வந்துச்சு, வேணாம்னேன். கோயமுத்தூர் வந்துச்சு, நல்ல இடம், வேணாம்னேன். கனடாவுலேர்ந்து ஒண்ணு வந்துச்சு, போன்ல வந்த போட்டோவை டவுன்லோடு கூட பண்ணல. பொண்ணு என்ன சொன்னான்னு கேக்கறீங்களா? ஒண்ணும் சொல்லல. ரூமுக்குள்ள லேப்டாப்பைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா. அவ பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்கிறது எங்க வீட்டு வழக்கம்.

கடைசியில கீழ்பென்னாத்தூர் வரன் வந்துச்சு. பையனுக்கு வேளாண்மை ஆபீஸ்ல வேலை, வீட்டுல நெல்லு, மல்லாட்டைன்னு வெளையற நிலம் இருக்கு, அப்பா அம்மா அமைதியானவங்க. இதெல்லாம் எனக்கு ரெண்டாம் பட்சம். பஸ் ஏறினா அரை மணி நேரம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கொழம்பைத் தூக்குல ஊத்திக்கிட்டு நானே போயிட்டு சாயங்காலம் திரும்பிடலாம். கூப்பிடு தூரம்னு சொல்ல முடியாது, ஆனா கொஞ்சம் சத்தமா கூப்பிட்டா கேக்கும். பொண்ணு பார்க்க வர்றோம்னாங்க. ஒரு தடவை அவங்க பக்கம் சாவு, ஒரு தடவை எனக்குப் பரீட்சை டியூட்டி, ரெண்டு தடவை தள்ளிப் போச்சு. மூணாவதா தை மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, பத்தரைக்கு மேல நல்ல நேரம்னு நானே முடிவு பண்ணி சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டியில வர்றேன், லாரியிலேர்ந்து இரும்புத் தடுப்பு இறக்கிக்கிட்டு இருக்காங்க. எந்த மந்திரி சார் வர்றார்னு அங்க நின்ன போலீஸ்காரரைக் கேட்டேன். அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்தார். நாளைக்குப் பௌர்ணமி கிரிவலம்மா, நீங்க வெளியூரான்னு கேட்டார்.

காலண்டர்ல வெள்ளை வட்டம் திங்கக்கிழமையில போட்டிருந்துச்சு. அதைத்தான் நான் பார்த்தேன். பௌர்ணமி ஞாயித்துக்கிழமை விடிகாலையிலயே ஆரம்பிக்குதுன்னு அதுக்குக் கீழ பொடி எழுத்துல இருந்ததைப் பார்க்கல. ஆந்திராவுல ஒரு மூலையில இருக்கிறவருக்கு எத்தனை மணிக்குப் பௌர்ணமி பொறக்குதுன்னு நிமிஷத்தோட தெரியும். மலைக்குக் கீழயே பொறந்து வளர்ந்த எங்களுக்கு, தடுப்பு இறக்கினாத்தான் தெரியும். கணக்கு டீச்சர் வேற. வெக்கக்கேடு.

வீட்டுக்காரர் தள்ளி வெச்சிடலாம்னார். எனக்குக் கோவம் வந்துடுச்சு. மூணாவது தடவையும் தள்ளினா அவங்க வேற இடம் பார்த்துடுவாங்க, அரை மணி நேரத் தூரத்துல இன்னொரு மாப்பிள்ளை எங்க கெடைப்பான், கூட்டம் சாயங்காலம்தான் ஜாஸ்தி, காலைல கம்மியாத்தான் இருக்கும்னு அடிச்சுப் பேசினேன். போன்ல மாப்பிள்ளையோட அம்மாவுக்கு வழியும் சொன்னேன். நீலக் கலர் போர்டு போட்ட டீக்கடை, அதுக்கு அடுத்த சந்து, கண்ணை மூடிக்கிட்டு வரலாம்னு சொன்னேன்.

காலைல ஒன்பது மணிக்கெல்லாம் ரோட்டுல தரை தெரியல. தலைதான் தெரியுது. எல்லாம் ஒரே பக்கமா நகருது. நீலப் போர்டு இருந்த இடத்துல அன்னதானப் பேனர் கட்டியிருந்தாங்க. அதுல சாமி ஒரு மூலையில சின்னதா இருந்தார், சாம்பார் சாதம் போடறவர் மூஞ்சி மட்டும் மலையை மறைக்கிற அளவுக்கு இருந்துச்சு.

பத்து மணிக்கு என் தங்கச்சி அந்தப் பக்கம் வந்து நின்னா. மல்லிப்பூவும் பஜ்ஜி மாவும் அவ பொறுப்பு. நாப்பது அடி ரோடு. தாண்ட முடியல. நான் இங்கேர்ந்து கையை ஆட்டறேன், அவ அங்கேர்ந்து கையை ஆட்டறா. கூப்பிடு தூரம்தான், ஆனா மைக்செட் சத்தத்துல கூப்பிட்டா யாருக்குக் கேக்குது? கடைசியில மாவுப் பாத்திரத்தைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு கூட்டத்துக்குள்ள எறங்கினா. கூட்டம் அவளை அப்படியே கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. பாத்திரம் மட்டும் மேல தெரிஞ்சுது, அதுவும் தூரமாப் போச்சு. எங்கயோ இந்தப் பக்கம் ஒதுங்கி, வெள்ளைக்காரங்க கண்ணை மூடி உக்காந்திருந்த ஒரு காபிக்கடை வழியா பூந்து, பின்பக்கச் சுவர் ஏறி, எங்க கொல்லையில வந்து குதிச்சா. மாவு ஒரு சொட்டு சிந்தல. கெட்டிக்காரி.

பதினொரு மணி ஆச்சு, அவங்க வரல. போன் போட்டா போகல. பௌர்ணமின்னா எங்க ஊர்ல போன் எல்லாம் படம் பார்க்கத்தான் ஆகும். பொண்ணு பட்டுப்புடவை கட்டி உள்ளே உக்காந்திருந்தா. நான் வாசலுக்கும் சந்து முனைக்கும் நடந்துக்கிட்டே இருந்தேன்.

பதினொண்ணே காலுக்கு மாப்பிள்ளைப் பையனும் அவங்க அப்பாவும் வேர்த்து விறுவிறுத்து வந்தாங்க. கையில பழப்பை. அம்மா எங்கன்னு கேட்டேன். பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவங்க அப்பாதான் சொன்னார், அவங்க அப்படியே போயிட்டாங்கன்னு.

நடந்தது இதுதான். பஸ்ஸை ஊருக்கு வெளியிலயே நிறுத்திட்டாங்க. மூணு பேரும் நடந்து வந்திருக்காங்க. வழியில ராஜகோபுரம். பௌர்ணமியும் அதுவுமா கோபுரத்தைத் தாண்டி சும்மா எப்படிப் போறதுன்னு அந்த அம்மா ஒரு கற்பூரத்தை வாங்கி ஏத்தி, கும்பிட்டுட்டு நடந்திருக்காங்க. நீலப் போர்டைத் தேடியிருக்காங்க, பேனர் மறைச்சுக்கிச்சு. எங்க சந்தைத் தாண்டி ஒரு முந்நூறு அடி போனதும் பையன் ஒரு கடையில வழி கேட்டு, அம்மா தாண்டி வந்துட்டோம், திரும்பிப் போகணும்னு சொல்லியிருக்கான். அந்த அம்மா திரும்ப மாட்டேன்னுட்டாங்க.

சாதா நாள்ல நாங்க எல்லாருமே இந்த ரோட்டுல முன்னயும் பின்னயும் நூறு தடவை போறவங்கதான், மலை ஒண்ணும் கேக்கிறதில்ல. ஆனா கோபுரத்துக்கு எதிர்ல கற்பூரம் ஏத்திட்டா பேச்சே வேற. கிரிவலம் ஆரம்பிச்சாச்சு. நடுவுல நிறுத்தக் கூடாது, எதிர்ப்பக்கம் திரும்பி ஒரு அடி வைக்கக் கூடாது. ஒரு நல்ல காரியத்துக்காக வந்துட்டு மலையை எதிர்த்து நடக்கச் சொல்றீங்களா, நீங்க போய் உக்காருங்க, நான் சுத்தி முடிச்சுட்டு வர்றேன்னு பழப்பையைப் பையன் கையில கொடுத்துட்டு, பதினாலு கிலோமீட்டர் நடக்கப் போயிட்டாங்க. முந்நூறு அடி திரும்பறதுக்குப் பதிலா.

எனக்குத் தலை சுத்திடுச்சு. பொண்ணைப் பார்த்துப் பிடிச்சிருக்கு பிடிக்கலன்னு சொல்ல வேண்டியவங்க, எங்க வாசலைத் தாண்டி மலையைச் சுத்திக்கிட்டு இருக்காங்க. இப்படியுமா இருப்பாங்கன்னு சமையல்கட்டுல நின்னு பல்லைக் கடிச்சேன். நீயா இருந்தா திரும்பியிருப்பியான்னு வீட்டுக்காரர் மெதுவா கேட்டார். திரும்பியிருக்க மாட்டேன். என் தங்கச்சி ஒரு பௌர்ணமிக்கு மோர்ப்பந்தல்ல குடையை வெச்சுட்டு, அம்பது அடி தாண்டினப்புறம் ஞாபகம் வந்து, திரும்பாம மலையையே ஒரு முழுச் சுத்து சுத்தி வந்து எடுத்தா. குடை வெச்ச இடத்துல இருந்துச்சுன்னு இன்னிக்கும் பெருமையா சொல்லுவா. நாங்க எல்லாம் அந்த ரகம்தான்.

அப்பத்தான் என் பொண்ணு ரூமை விட்டு வெளியில வந்தா. நேரா அந்தப் பையன் முன்னாடி நின்னு, அம்மா என்ன கலர் புடவைங்கன்னு கேட்டா. பச்சை, மஞ்சள் பார்டர்னு சொன்னான். அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டது அவ்வளவுதான். உள்ளே போனா, பட்டுப்புடவையை அவுத்துக் கட்டில்ல போட்டா, சுடிதார் மாட்டிக்கிட்டா, தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டா. அவங்க தனியா நடக்கிறாங்களேம்மா, நான் போய் பிடிச்சுக்கிறேன்னு செருப்பு கூட போடாம கெளம்பிட்டா.

எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. என் பொண்ணு! மாமியாரை எப்படி மடக்கறா பாருங்கன்னு தங்கச்சி காதுல சொன்னேன். சின்ன வயசுலேர்ந்தே பெரியவங்கன்னா உசுரைக் கொடுப்பான்னு பையனோட அப்பாகிட்ட அளந்தேன். பெரியவங்கன்னா என் பொண்ணு உசுரைக் கொடுத்து நான் பார்த்ததில்ல. ஆனா அன்னிக்கு நம்பினேன்.

அப்புறம் காத்துக்கிட்டு இருந்தோம். பன்னெண்டு ஆச்சு. ஒண்ணு ஆச்சு. வீட்டுல சாம்பார், பொரியல், பாயசம் எல்லாம் இருக்கு. ஆனா பொண்ணு பார்த்து, சரின்னு சொல்லாம, பொண்ணு வீட்டுல கை நனைக்க மாட்டாங்க. கேசரி பஜ்ஜி சாப்பிடலாம், ஆனா அதை பொண்ணுதான் கொண்டு வந்து வைக்கணும். பொண்ணு மலைக்குப் பின்னாடி இருக்கா. வெறும் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு அப்பாவும் பையனும் எங்க வீட்டு ஃபேனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஜன்னல் வழியா அன்னதானச் சாம்பார் வாசனை அடிக்குது.

ரெண்டு மணிக்கு அந்தப் பெரியவர் தொண்டையைச் செருமினார். பிரசாதம்னா அது பொண்ணு வீட்டுச் சாப்பாட்டுல சேராதுங்களேன்னார். சேராதுன்னு என் வீட்டுக்காரர் உடனே தீர்ப்பு சொன்னார், அவருக்கும் பசி. மூணு பேரும் எழுந்து போனாங்க. எங்க வீட்டுல பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை, எங்க சந்து முனையில, பேனருக்குக் கீழ வரிசையில நின்னு, தொன்னையில சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டார். சந்துல இருக்கிற அத்தனை பேரும் பார்த்தாங்க. மாடியிலேர்ந்து மௌன விரதக்காரரும் பார்த்தார். அவரால யார்கிட்டயும் சொல்ல முடியாதுங்கிறது ஒண்ணுதான் ஆறுதல்.

ரெண்டரைக்கு ஒரே ஒரு தடவை போன் கெடைச்சுது. அடி அண்ணாமலை கோயிலைத் தாண்டிட்டோம், மோர் குடிக்கிறோம்னா பொண்ணு. பக்கத்துல அந்த அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. என்னடி பேசிக்கிட்டு வர்றீங்கன்னு கேட்டேன். சும்மா பேசிக்கிட்டு வர்றோம்மான்னா. அவ குரலே வேற மாதிரி இருந்துச்சு, லேசா, சிரிப்போட. வீட்டுக்குள்ள அந்தக் குரலை நான் கேட்டு ரொம்ப நாள் ஆச்சு. எல்லாம் நல்லபடியா முடியப் போகுதுன்னு சாமி படத்துக்கு முன்னாடி நின்னு கும்பிட்டேன். எந்த பஸ்ல போனா கீழ்பென்னாத்தூர்ல உக்கார இடம் கெடைக்கும், மாசத்துக்கு எத்தனை ஞாயித்துக்கிழமைன்னு மனசுக்குள்ள கணக்குப் போட ஆரம்பிச்சேன். தலைப் பிரசவத்துக்கு எந்த ரூமுன்னு கூட முடிவு பண்ணிட்டேன்.

நாலு மணிக்கு வந்தாங்க. ரெண்டு பேர் நெத்தியிலயும் விபூதி, பாதம் எல்லாம் புழுதி. அந்த அம்மா பையை என் பொண்ணு தோள்ல மாட்டியிருந்தா. கால் கழுவிட்டு உள்ளே வந்து, பொண்ணு கொண்டு வந்து வெச்ச ஆறிப்போன கேசரியையும் ரெண்டு பஜ்ஜியையும் நிதானமா சாப்பிட்டாங்க. நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுவாங்களான்னு நான் கடியாரத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன். அவங்க கையைத் துடைச்சுட்டு என்னைப் பக்கத்துல உக்காரச் சொன்னாங்க.

"பொண்ணு தங்கமுங்க. இப்படி ஒரு மருமக கெடைக்க நான் கொடுத்து வெச்சிருக்கணும். ஆனா அதுக்குக் கீழ்பென்னாத்தூர் பத்தாதுங்க."

எனக்குப் புரியல. நிலம் பத்தாதா, வீடு பத்தாதா, நாங்க எதையும் எதிர்பார்க்கலையேன்னு ஏதோ உளறினேன். அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு, தூரம் பத்தாதுன்னாங்க. நீயே சொல்லும்மான்னு என் பொண்ணைப் பார்த்தாங்க.

அவ சுவத்துல சாஞ்சுக்கிட்டு நின்னா. புனேல பெரிய வேலை கொடுத்திருக்காங்க, ஆபீசுக்கே வரச் சொல்றாங்க, லெட்டர் ஐப்பசியிலயே வந்துடுச்சு, இன்னும் மூணு வாரத்துல போய்ச் சேரணும், போறேன்னு நேத்துத்தான் பதில் போட்டேன்னு ஒரு மூச்சுல சொல்லி முடிச்சா. ஐப்பசியிலேர்ந்து தை வரைக்கும் அந்த லெட்டரோட என் எதிர்ல உக்காந்து இட்லி சாப்பிட்டிருக்கா.

என் பையன் ஊரை விட்டு அசைய மாட்டான், இது போகணும்னு துடிக்குது, ரெண்டையும் பிடிச்சுக் கட்டி வெச்சு நாம என்னத்தைக் கண்டோம்னு அந்த அம்மா சொல்லிட்டு, ராகு காலம் வர்றதுக்குள்ள எழுந்துட்டாங்க. போகும்போது என் பொண்ணு கன்னத்தைத் தடவிட்டுப் போனாங்க. அவங்களைத் திட்டணும்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. திட்டறதுக்கு அவங்க ஒண்ணும் பண்ணல, அதுதான் இன்னும் எரிஞ்சுது.

சமையல்கட்டுல பொண்ணைப் பிடிச்சுக்கிட்டேன். இருபத்தேழு வருஷம் பெத்து வளர்த்தவகிட்ட சொல்லல, ரோட்டுல பார்த்த ஒரு பொம்பளைகிட்ட சொல்லுவியான்னு கத்தினேன். மாடியில சீட்டு எழுத ஆரம்பிச்சிருப்பார். அவ அழல, சண்டையும் போடல.

"அவங்க கேட்டாங்கம்மா. உனக்கு என்னம்மா வேணும்னு கேட்டாங்க. சொல்லிட்டேன்."

வழியில குபேர லிங்கத்துக்கிட்ட கேட்டாங்களாம். நானும் தினம் கேக்கிறவதான். சாப்பிட்டியான்னு கேட்டிருக்கேன். ஹெல்மெட் எடுத்துக்கிட்டியா, தலைக்கு எண்ணெய் வெச்சியா, ராத்திரி எந்நேரம் வரைக்கும் அந்த லேப்டாப்பை நோண்டுவேன்னு கேட்டிருக்கேன். இதை மட்டும் கேட்டதில்ல. எனக்குத்தான் தெரியுமே, எதுக்குக் கேக்கணும்னு இருந்துட்டேன்.

பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்த தங்கச்சி திரும்பிப் பார்க்காம, எனக்கு முடிச்சப்பவும் நீ கேக்கலக்கான்னா. அப்புறம், நான் நல்லாத்தான் இருக்கேன்னு அவளே சொல்லிட்டு, மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கிட்டு சுவர் ஏறப் போயிட்டா.

நாலு நாள் நான் யார்கிட்டயும் பேசல. எங்க வீட்டுல ரெண்டு மௌன விரதம் நடந்துச்சு. அஞ்சாவது நாள் புளி, மிளகாத்தூள், பருப்புப் பொடின்னு எடுத்து வைக்க ஆரம்பிச்சேன். மூணு வாரம் ஓடிப் போச்சு. அவகிட்ட பேச வேண்டியது நெறைய இருந்துச்சு. முக்கியமா அந்தக் கேள்வி. நானும் அதைக் கேக்கணும். ஒவ்வொரு நாளும் அவ ரூம் வாசல் வரைக்கும் போவேன், டீ குடிக்கிறியான்னு கேட்டுட்டுத் திரும்பிடுவேன். வீட்டுக்குள்ள வர மாட்டேங்குது அந்த வார்த்தை.

அப்புறம் ஒரு யோசனை வந்துச்சு. ஊருக்குக் கெளம்பற அன்னிக்கு ஆட்டோவுல பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது கேட்டுடலாம். செங்கம் ரோடு இருக்கு. நாப்பது நிமிஷம் ஒரே இடத்துல ஒட்டி உக்காந்துதான் ஆகணும், யாரும் எழுந்து போக முடியாது. முப்பது வருஷமா நான் வாய் வலிக்கத் திட்டின ரோடு, அன்னிக்கு எனக்கு ஒத்தாசை பண்ணும். மாடு படுத்திருக்குமே, அந்த இடத்துல ஆரம்பிக்கலாம்னு கூட நெனைச்சு வெச்சிருந்தேன்.

பத்து மணிக்கு சென்னை பஸ். நான் ஒன்பதுக்கே ஆட்டோ சொல்லிட்டேன். எங்க சந்து ஆட்டோக்காரர்தான், எதிர்ல எவரைப் பார்த்தாலும் நிறுத்திப் பேசறவர். அவரை நம்பித்தான் சொன்னேன். வீட்டுக்காரர் முன்னாடி டிரைவர் பக்கத்துல தொத்திக்கிட்டார், நானும் பொண்ணும் பின்னாடி, நடுவுல பெட்டி.

சந்து முனையைத் தாண்டினோம். ரோடு காலியா இருந்துச்சு. மாடு இல்ல. ஸ்கூல் பஸ் இல்ல, அன்னிக்கு லீவு. டிபன் கடை வாசல்ல எப்பவும் நாலு கார் குறுக்க நிக்கும், ஒண்ணு கூட இல்ல. எதிர்ல வந்த ஆட்டோக்காரர் கையை மட்டும் தூக்கிட்டுப் போயிட்டார். கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்னு சொன்னேன். பயப்படாதீங்க டீச்சர், ரோடு ஃப்ரீயா இருக்குன்னு சொல்லிட்டு அவர் இன்னும் முறுக்கினார். சிக்னல்ல நிக்கும்னு பார்த்தேன், அங்க நின்ன போலீஸ்காரர் போ போன்னு கையைக் காட்டினார். என் பொண்ணு பெட்டிக்கு மேல கையை நீட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நான் வாயைத் தொறந்தேன்.

பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு.

என் வீட்டுக்காரர் வாட்சைப் பார்த்தார். எட்டு நிமிஷம். ஒண்ணும் சொல்லாம எறங்கி, பெட்டியைத் தூக்கினார்.